தண்டனை என்று சொல்லாதீர்கள்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாக எழுந்த கடல், இலங்கையின் கிழக்குக் கரையில் நாவலடியையும் கல்லடியையும் கல்முனைக் கரையையும் அள்ளிக்கொண்டு போனபோது, 'பாவத்தின் சம்பளம்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தபோதும் அதே பேச்சைச் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்டேன். செத்த வீட்டில் போயிருந்து ஆண்டவரின் கோபத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

வேதத்தில் இருக்கிறது என்கிறார்கள். சரி, வேதத்தையே எடுப்போம். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரம். பலி செலுத்த வந்த கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தி இயேசுவிடம் வருகிறது. வழிபாட்டு வேளையில் கொல்லப்பட்டவர்கள்! அவர்கள் மற்றக் கலிலேயரைவிடப் பெரும் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். அதோடு விடவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் தாமாகவே நினைவூட்டி, அவர்களும் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்கிறார்.

'மனந்திரும்புங்கள்' என்றும் அங்கே வருகிறதே என்பார்கள். வருகிறது. யாரைப் பார்த்து? செத்தவர்களையோ அவர்களைப் பெற்றவர்களையோ அல்ல. செய்தி கொண்டுவந்து நின்றவர்களைப் பார்த்து. அதற்கும் அடுத்தது அத்திமர உவமை: மூன்று வருடமாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர், இந்த வருடமும் இருக்கட்டும், கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி மல்கியாவும் அப்படித்தான் சொல்கிறார். கர்த்தர் மாறாதவர், ஆகையால்தான் யாக்கோபின் பிள்ளைகள் அழிந்துபோகவில்லை. நாம் தவறும்போதெல்லாம் அவர் அன்பும் தவறுமென்றால் நம்மில் யார் மிஞ்சியிருப்போம்?

இன்னொரு கொடுமையும் உண்டு. பிள்ளையைப் புதைத்த தாயிடம், கொன்றவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்பது. மன்னிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கர்த்தர் தரும் பெலத்தில் வரவேண்டியது, அவசரப்படுத்த நமக்கு உரிமையில்லை. சிலுவையில் 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்றவர் காயப்பட்டவர். பக்கத்தில் நின்ற தம் தாயை, நீங்களும் மன்னியுங்கள் என்று அவர் கேட்டதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. தாயைச் சீடனிடம் ஒப்படைத்தார்; சீடன் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டான்.

அந்தத் தாய்மாரின் வீடுகளுக்கு இன்றும் போய்வருகிற போதகர்களும் அருட்சகோதரிகளும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு நீங்களும் போங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமலே இருந்துவிட்டு வாருங்கள்.