பாதத்தை வெட்டிவிட்டு நடனம் காட்டுகிறார்கள்!

நேற்று ராத்திரி காசு கட்டி ஆன்லைனில் 'ஸ்டார்மி வெதர்' படத்தை வாடகைக்கு எடுத்தேன். 1943இல் வந்த ஃபாக்ஸ் கம்பெனி கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றேகால் மணி நேரம்தான். கதை சும்மா பேருக்கு. பாட்டும் ஆட்டமுமாக மேடை நிகழ்ச்சிகளைக் கோத்து வைத்திருப்பார்கள். பில் ராபின்சன், லீனா ஹார்ன், ஃபேட்ஸ் வாலர், கேப் காலோவே என்று அத்தனை பேரும் கறுப்பினக் கலைஞர்கள். ஆட்டத்துக்காகவே பார்க்க வேண்டிய படம்.

அந்த ஆட்டத்தில் பாதத்தைக் காணோம்!

அந்தக் காலப் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. நம் டிவி 16க்கு 9. முழுப் படத்தையும் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். விழட்டுமே! எந்தப் புண்ணியவானுக்கோ அது உறுத்தியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பிவிட்டு, மேலும் கீழும் நறுக்கிவிட்டான். உயரத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைவு, போயே போச்சு.

பில் ராபின்சன் அப்போது 65 வயதுக்காரர். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் நின்றே டாப் நடனம் ஆடுவார், ஷூவால் தரையைத் தட்டித் தாளம் போடுகிற ஆட்டம். என் திரையில் அவருக்குக் கணுக்காலோடு சரி. டக் டக் என்று சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேர் தன் ஆட்டங்களில் உச்சி முதல் பாதம் வரை கேமராவில் தெரிந்தாக வேண்டும் என்று அடம் பிடித்தாரே, வேலையில்லாமலா?

சரி, இதே படத்தில் ஆடும் நிக்கலஸ் சகோதரர்களாவது தப்பியிருப்பார்கள் என்று காத்திருந்தேன். கேப் காலோவே வாத்தியக் குழு முழங்க, அண்ணன் ஃபயார்டும் தம்பி ஹரால்டும் பெரிய பெரிய படிகளில் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதிப்பார்கள். இரண்டு காலும் விரிய இறங்கி, கையை ஊன்றாமலே எழுவார்கள். தாண்டும்போது தலை இல்லை, இறங்கும்போது கால் இல்லை. ரிமோட்டை வீசியிருப்பேன், வேறு ரிமோட் கிடையாது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'டிவி செட்டிங்கைச் சரிபாருங்கள்' என்று பதில். ஐயா, லேப்டாப்பிலும் பார்த்தேன், போனிலும் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே மொண்டிப் படம்தான்! மறுபடி எழுதினால், 'முழுத்திரை அனுபவத்துக்காக மேம்படுத்தப்பட்டது' என்கிறார்கள். யார் கேட்டது?

லீனா ஹார்னை நினைத்தால் இன்னும் எரிகிறது. எம்ஜிஎம் ஸ்டுடியோ படங்களில் அவர் பாட்டைக் கதையோடு ஒட்டாமல் தனியாக வைப்பார்கள், கறுப்பினத்தவரைத் திரையில் காட்டப் பிடிக்காத அமெரிக்கத் தென்மாநிலத் தியேட்டர்காரர்கள் வெட்டி எறிய வசதியாக. அவரே கதாநாயகியாக முழுசாக வருகிற இந்தப் படத்துக்கும் எண்பது வருஷம் கழித்து ஒருவன் கத்திரிக்கோலோடு வருகிறான்.

இன்று காலையில் மெயில்: 'படம் எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்!'

நான் பார்த்த முக்கால் படத்துக்கா?