விரலில் சுழன்ற மின்விசிறி

என் மகளுக்குப் பதினொன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். பணகுடியைத் தாண்டி ஆரல்வாய்மொழியை நெருங்க நெருங்கச் சாலையின் இருபக்கமும் காற்றாலைகள் பெருகும் என்பது அந்த வழியில் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். என் மடியில் நின்றபடி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, சுட்டுவிரலை உயர்த்தி வட்டமாகச் சுழற்றினாள். மறுபடியும் வெளியே பார்த்தாள், மறுபடியும் சுழற்றினாள். வீட்டில் "ஃபேன் எங்கே?" என்று கேட்டு, மேலே பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டுவது எங்கள் வழக்கம். வாயில் இன்னும் ஒரு சொல்கூட வராத குழந்தை, மலையடிவாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பெரிய இறக்கைகளைப் பார்த்து "இதுவும் ஃபேன்தானே?" என்று என்னிடம் கேட்டாள். நான் "ஆமாம்மா, ஃபேன்" என்று சொல்லி விரலைச் சுழற்றியதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்துதான் பேச்சு வராத பிள்ளைகளுக்குச் சைகை கற்றுக்கொடுப்பதைப் பற்றி நான் அக்கறையாகப் படிக்கத் தொடங்கினேன். அதுவரை அது வெளிநாட்டுப் பெற்றோரின் புதுப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் டாட்டா காட்டுவதும், சாமி கும்பிடச் சொல்வதும், இரு கைகளையும் விரித்து "போயே போச்சு" என்பதும் நம் வீடுகளில் பெற்றோருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடப்பவை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் நான்காவதான சப்பாணிப் பருவம் குழந்தையைக் கைகொட்டச் சொல்லி வேண்டுவது. அதை ஒன்பதாம் மாதத்துக்கு உரியதாக வைத்தார்கள். குழந்தையின் கை எப்போது தன் சொற்படி கேட்கத் தொடங்குகிறது என்பதை நம் முன்னோர் கூர்ந்து கவனித்தே இருக்கிறார்கள். ஆனால் நாம் சொல்லிக்கொடுக்கும் சைகைகளில் பெரும்பாலானவை வீட்டுக்கு வந்தவர்கள் முன் குழந்தை செய்துகாட்டி மகிழ்விப்பதற்கானவை. பசிக்கிறது, இன்னும் வேண்டும், போதும், வலிக்கிறது என்று குழந்தை தன் தேவைக்காகச் சொல்லக்கூடிய சைகைகளை நாம் கற்றுத்தருவதில்லை.

நாங்கள் நான்கு சைகைகளோடு தொடங்கினோம்: பால், சாப்பாடு, இன்னும், போதும். பாலுக்கு, மாட்டில் பால் கறப்பதைப் போல ஒரு கையை மூடி மூடித் திறக்க வேண்டும். சாப்பாட்டுக்கு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோக வேண்டும். இன்னும் வேண்டும் என்பதற்கு இரு கைகளின் விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். போதும் என்பதற்கு இரு உள்ளங்கைகளையும் காட்டித் திருப்ப வேண்டும். சைகை காட்டும்போதெல்லாம் அந்தச் சொல்லையும் வாயால் தெளிவாகச் சொன்னோம். குழந்தை நம் முகத்தைப் பார்க்கும் நேரத்தில், பால் கையில் இருக்கும்போதே பாலுக்கான சைகையைக் காட்ட வேண்டும். உட்காரவைத்துப் பாடம் நடத்துவது இந்த வயதில் எடுபடாது. மூன்று வாரங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அதன்பின் ஒரு காலையில், இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வழக்கம்போல் வாயிலிருப்பதைத் துப்பாமல் இரண்டு கைகளையும் தூக்கித் திருப்பினாள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடியும் கையைத் திருப்பினாள். தான் சொன்னதை அம்மா கேட்டுவிட்டாளா என்று சோதித்துப் பார்த்தாள் என்றே எனக்குத் தோன்றியது. "போதும்மா, அம்மா வெச்சுட்டேன்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுவேளை அழுகை குறைந்தது. இன்னும் என்பதை அவள் ஒருபோதும் சரியாகக் காட்டியதில்லை. ஒரு கையின் சுட்டுவிரலால் மறு உள்ளங்கையைக் குத்துவாள். மழலைப் பேச்சை ஏற்றுக்கொள்கிற நாம் மழலைக் கையையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

என் மாமியாருக்கு இதில் பெரிய கவலை இருந்தது. "மக்களே, பேசப்போற பிள்ளைய ஊமையாக்கிராத" என்று ஒருநாள் கண்கலங்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பேச்சு தாமதப்பட்ட பிள்ளைகளின் வீடுகள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கையால் காட்டிக் காரியம் நடந்துவிட்டால் பிள்ளை வாயைத் திறக்க வேண்டிய அவசியம் என்ன என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது.

1980-களில் கலிபோர்னியாவில் உளவியலாளர் லிண்டா அக்ரடோலோ தன் ஒரு வயது மகள் பூவைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சிக் காட்டுவதையும், சிலந்தியைப் பார்த்தால் விரல்களைத் தேய்த்துக் காட்டுவதையும் கவனித்தார். யாரும் அவற்றைச் சொற்களாகக் கற்றுக்கொடுக்கவில்லை. குழந்தைதான் அவற்றைச் சொற்களாக்கிக்கொண்டது. ஆரல்வாய்மொழியில் என் மகள் செய்ததும் அதுவே என்பதால், இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவரும் சூசன் குட்வினும் சேர்ந்து 103 குழந்தைகளைப் பதினொன்றாவது மாதத்திலிருந்து தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு பின்தங்கவில்லை, சில அளவீடுகளில் முந்தியே இருந்தது என்று காட்டினார்கள். ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் கையால் குறித்த பொருள்களின் பெயர்களே பெரும்பாலும் பின்னர் வாய்ச்சொல்லாக வந்தன என்று சொல்கிறது. குழந்தையின் கை பேச்சுக்கு முன்னே நடந்து வழி காட்டுகிறது என்று இதை என் மாமியாரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்காம் மாதத்தில் பிள்ளை அவரைப் பார்த்து "ஆச்சி" என்று கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. அதன்பின் அவரே ஐந்தாவது சைகையாக "காக்கா"வைக் கற்றுக்கொடுத்தார். சொற்கள் வர வர, சைகைகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே உதிர்ந்துபோயின.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சைகை கற்ற பிள்ளை அறிவாளியாகும், ஐ.கியூ. கூடும், மற்றப் பிள்ளைகளை முந்திப் பேசும் என்றெல்லாம் சொல்லி அட்டைகளும் ஆன்லைன் வகுப்புகளும் விற்கப்படுகின்றன. அந்த வாக்குறுதிகளை நம்பி யாரும் இதைத் தொடங்க வேண்டாம். கேட்கும் திறனுள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கனடா ஆய்வாளர்கள், இத்தகைய பலன்களுக்குப் போதிய சான்று இல்லை என்று 2005-லேயே எழுதினார்கள். பிரிட்டனில் எலிசபெத் கர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 40 குழந்தைகளை எட்டாம் மாதம் முதல் இருபதாம் மாதம் வரை கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்விலும், சைகை கற்ற குழந்தைகள் மொழியில் முந்தவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்று தெரியவந்தது. சைகை கற்றுக்கொடுத்த தாய்மார்கள், குழந்தை வாய்திறவாமல் காட்டுகிற குறிப்புகளுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கிறவர்களாக மாறியிருந்தார்கள்.

என் அனுபவத்தில் நான் பெற்றதும் அதுதான். கை எப்போது அசையும் என்று காத்திருந்ததால் அவளை நான் அதிகம் பார்த்தேன். கைபேசியைக் கீழே வைத்தேன். பசிக்கு வரும் அழுகைக்கும் தூக்கத்துக்கு வரும் அழுகைக்கும் இடையே இருக்கிற அந்தச் சில விநாடிகளில் பிள்ளை கண்ணாலும் தோளாலும் விரலாலும் எவ்வளவோ சொல்கிறது என்பது எனக்குப் புரிந்தது. வேலைக்குப் போய்வந்து களைத்திருக்கும் பெற்றோருக்கு இது சிறிய பயன் அல்ல. இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என்னை நானே திருத்திக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. நாங்கள் கற்றுக்கொடுத்த பால், இன்னும், போதும் ஆகியவை ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்துக் கற்றவை. அவை அமெரிக்கச் சைகை மொழியைச் சேர்ந்தவை என்று பின்னர்தான் அறிந்தேன். நம் நாட்டில் காது கேளாதோர் பேசுவது இந்தியச் சைகை மொழி. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. அது கையால் எழுதிக்காட்டும் தமிழோ இந்தியோ அன்று. புதுதில்லியில் 2015-ல் அமைக்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் 3,000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டு, 2021-ல் அதை 10,000 சொற்களாக விரித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் காணொளி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு சைகை கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அங்கிருந்து எடுங்கள் என்று வேண்டுகிறேன். அப்படி எடுத்தாலும் "பிள்ளைக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். நாம் தமிழ்ப் பேச்சின் ஊடே சில சைகைகளைக் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான். மொழி அந்த மக்களுடையது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவன். அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது இரண்டு வயதை நெருங்கும்போதுதான் தெரியவந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒலியை உணரச் செய்யும் காக்ளியர் கருவியை உட்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை கிடைத்தபோது அவனுக்கு மூன்று வயதாகியிருந்தது. அதன்பின் அவனை அழைத்துப்போன ஒரு பயிற்சி மையத்தில், வீட்டில் யாரும் சைகை காட்டவே கூடாது, காட்டினால் பிள்ளை பேச மாட்டான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அவன் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஆறு மாதம் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனிடம் பேசினார். இது மிகையாகச் சொன்னதில்லை. புடவைத் தலைப்புக்குள் கைகளைச் சுற்றிக்கொண்டு, அவன் தண்ணீர்ப் பானையைச் சுட்டிக்காட்டி அழும்போதும் "தண்ணீர் சொல்லு, தண்ணீர்" என்று கேட்டுக்கொண்டு நின்றதை நான் மதில்சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதே வாரத்தில், நன்றாகக் காது கேட்கும் என் மகள் விரலைச் சுழற்றியதற்காக உறவினர் எல்லோரும் அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். கேட்கிற பிள்ளை சைகை காட்டினால் புத்திசாலி, கேட்காத பிள்ளை சைகை காட்டினால் பேச்சு கெட்டுப்போகும் என்றால் அது என்ன நியாயம்?

இந்தத் தடைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்விக்கான மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 130 ஆண்டுகள் கழித்து, 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இதற்கிடையே 1991-ல் லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் "பபப" என்று மழலை பேசும் அதே பருவத்தில் கைகளால் மழலை பேசுகின்றன என்று காட்டினார்கள். குழந்தையின் மூளை மொழியைத் தேடுகிறது. அது காது வழியே வந்தாலும் கண் வழியே வந்தாலும் எடுத்துக்கொள்கிறது. கருவியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைக்கு எந்த மொழியும் இல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பதால், இதை வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

அதனால் சைகை தொடங்கும் பெற்றோருக்கு இன்னொரு வேண்டுகோள். பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை செய்து, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு அந்தப் பரிசோதனை நடந்ததா என்று மருத்துவமனைக் கோப்பில் பாருங்கள். ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் சுட்டிக்காட்டாத பிள்ளைக்கு வீட்டிலேயே சைகை கற்றுக்கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த அக்கா பின்னர் பயிற்சி மையத்தை மாற்றினார். இப்போது அவனுக்குப் பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது, இந்தியச் சைகை மொழியும் கற்கிறான், வீட்டில் எல்லோரும் உடன்சேர்ந்து கற்கிறார்கள். போன மாதம் ஒரு மாலையில் இரண்டு பிள்ளைகளும் எங்கள் முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மூன்றரை வயதான என் மகள், இப்போது ஓயாமல் பேசுகிறவள், அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் பழைய விரலைத் தூக்கிச் சுழற்றினாள். பின் இரு கைகளையும் விரித்து இல்லை என்று காட்டினாள். அவன் அது தவறு என்று தலையை ஆட்டிவிட்டு, ஃபேனுக்குத் தான் கற்றிருந்த சைகையை மெதுவாக இரண்டு முறை செய்து காட்டினான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைத் திருப்பிச் செய்தாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துச் சற்றுத் திருப்பிச் சரிசெய்தான்.