அலைன்மெண்டுக்கு முன் சக்கரத்தின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்திற்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியின் ஸ்டீரிங் இறக்கத்தில் அலைபாய்ந்தால், வீல் அலைன்மெண்ட் செய்தாலே போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்துள்ளனர். அன்புடன் மறுக்க வேண்டியிருக்கிறது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது மட்டுமே. தேய்ந்த பால் ஜாயிண்டையோ (சக்கரப் பகுதியை வண்டியின் ஆர்மோடு இணைக்கும் பந்து மூட்டு) டை ராடு எண்டையோ (ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கம்பியின் முனை மூட்டு) அது சரியாக்காது. அவற்றில் ஆட்டம், அதாவது தளர்வு, இருந்தால், நின்ற நிலையில் வைத்த கோணம், பாரம் ஏற்றி பிரேக் பிடித்ததுமே மாறிவிடும்.

இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி (மலைச் சரிவில் ஒருபோதும் வேண்டாம்), பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் இடவலப் பக்கங்களைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், முதலில் டை ராடு எண்டைப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின் (சில வண்டிகளில் முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி). சில வண்டிகளில் கீழ் ஆர்மை (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) தாங்கித் தூக்கினால்தான் பால் ஜாயிண்டின் தேய்மானம் வெளிப்படும் என்பதால், அந்த வண்டிக்குரிய முறையை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தேய்ந்ததை மாற்றிய பிறகு அலைன்மெண்ட் செய்துகொள்ளுங்கள். அப்போது அது கட்டாயம் தேவை.