கத்தலாமா, கூடாதா?

கோல் விழுந்ததும் வாய்விட்டுக் கத்த முடிகிறதா? நடுவர் காதில் கை வைக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கத்த வேண்டியிருக்கிறது. வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் கால்பந்து விதிகளில் 2018-ல் ஏறியது, அப்பட்டமான தவறுகளைத் திருத்தத்தான். ஆனால் ஆஃப்சைடுக்கு, அதாவது சக வீரர் பாஸ் கொடுக்கும் நொடியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி கோல் பக்கம் நிற்பதற்கு, அந்த வரம்பு கிடையாது. ஒரு சென்டிமீட்டர் என்றாலும் கோல் போச்சு.

சரி, அளவாவது துல்லியமா? நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பாஸ் கொடுத்தவரின் கால் பந்தைத் தொட்டது எந்த ஃபிரேமில் என்பதே பாதி ஊகம். அதை வைத்துக்கொண்டு அக்குளிலிருந்து கோடு இழுக்கிறார்கள்! 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் வைத்தார்கள். அது நியாயம். அது இல்லாத இடத்தில் எதற்கு இந்த மில்லிமீட்டர் வீராப்பு?