அது கோளாறு இல்லை சார், அதுதான் கலை!

மூன்று வாரமாக ஒரு பிளாஸ்டிக் பிலிம் கேமராவுக்கு அலைகிறேன். எது நல்ல கேமரா என்று கேட்டால் விற்கிறவர்கள் ஒருத்தரும் நேராகப் பதில் சொல்வதில்லை. படத்தின் நாலு மூலையும் இருட்டாக இருக்கிறதே என்றால் "அதுதான் அழகு". ஓரமெல்லாம் கலங்கியிருக்கிறதே என்றால் "கனவு மாதிரி இருக்கு பாருங்க". பின்மூடி சரியாகப் பொருந்தாமல் வெளிச்சம் புகுந்து படத்தில் செக்கச்செவேல் என்று கோடு விழுந்தால் அதற்குத் தனி மரியாதை! கத்தரிக்காய் வாங்கினால்கூடச் சொத்தை பார்த்து ஒதுக்கலாம். இங்கே சொத்தைக்குத்தான் விலையே.

ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் ஹாங்காங்கில், எளிய குடும்பங்களும் மலிவாகப் படம் எடுக்கட்டும் என்று செய்தது. வெயில், மேகம் என்று படம் போட்ட ஒரு விசை இருக்கும். பழைய மாடல்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே ஒன்றும் மாறாது, வெளிச்சம் புகும் துளை அதே அளவுதான். ஷட்டர் திறந்து மூடுவது ஏறத்தாழ 1/100 நொடி, அவ்வளவுதான். சரி, ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. அந்த எள்ளுருண்டைக்கு இன்றைக்கு ஏன் லட்டு விலை கேட்கிறார்கள்? அதுவும் 120 என்ற அகலமான பிலிம், சதுரமாக எடுத்தால் ரோலுக்கு 12 படம். அதைக் கழுவ எங்கள் ஊரில் ஆளில்லை, கூரியர் செலவு தனி.

போன வருடம் அவசரப்பட்டு வேறு ஒன்று வாங்கிச் சூடுபட்டவன் நான். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஓரத் துளைகள் வரை படம் விழும் ரகம். நீளவாக்கில் இரண்டு படத்தின் இடத்தை ஒரே படம் எடுத்துக்கொள்ளும், 36 படம் எடுக்கும் ரோலில் 18தான் தேறும். போகட்டும், அந்தத் துளைகளுக்காகத்தானே வாங்கினேன்! பிலிம் கழுவும் லேபிலிருந்து வந்த ஸ்கேனில் துளையையே காணோம். அவர்கள் ஸ்கேனருக்குத் தெரிந்தது 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற வழக்கமான பட அளவு மட்டும். மேலே கீழே நறுக்கியது போதாதென்று நடுவிலும் ஒரு வெட்டு. அத்தை ஒரு படத்தில் பாதி, அடுத்த படத்தில் மீதி. போன் போட்டுக் கத்தினால், "கேமராவில வெளிச்சம் லீக் ஆகுது தம்பி, கொடுத்து மாத்திக்குங்க" என்கிறார். அந்த லீக்குக்குத்தானய்யா காசு கொடுத்தேன்!

எந்த லேபில் இதை முழுசாக ஸ்கேன் செய்வார்கள் என்று விற்கிறவர் ஒரு வரி சொல்லியிருக்கலாம் இல்லையா? மாட்டார்கள். மாதிரிப் படமெல்லாம் உச்சி வெயில், கடற்கரை, கலர் பலூன். அந்த வெளிச்சத்தில் எந்த டப்பாவிலும் படம் விழும். 36 எடுத்ததில் எத்தனை வீணானது என்று ஒருவர்கூடக் காட்டியதில்லை.

நேற்று ஒருவரிடம் கெஞ்சியே கேட்டேன்: சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டுக்குள், பிளாஷ் இல்லாமல் எடுத்த படம் ஒன்றே ஒன்று அனுப்புங்கள். அனுப்பினார். முழுக் கறுப்பு. கீழே ஒரு வரி: "செம ஃபீல் இல்ல சார்?"