பிறந்தநாள் சாப்பாடும் புதன்கிழமைச் சாப்பாடும்

உணவுப் பகிர்வுக் குழு ஒன்றில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "பொண்ணுக்குப் பிறந்தநாள் வருது, நூறு பேருக்குச் சாப்பாடு போட எவ்வளவு ஆகும்?" நல்ல மனத்தோடு கேட்பதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சென்னையில் வடபழனி, விருகம்பாக்கம் பக்கம் இயங்கும் ஒரு சிறு குழுவின் உள்ளே சில ஆண்டுகள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியில் எங்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அதைக் காலத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க ஆளுக்கும், வண்டிக்குப் போட டீசலுக்கும், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அண்டாவைத் தேய்த்துக் கழுவக் கைகளுக்கும்தான் எப்போதும் பஞ்சம். கொடுக்க நினைப்பவர்களின் பார்வை இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பட்டும் என்றுதான் இதை நீளமாக எழுதுகிறேன்.

ஒரு முகூர்த்த நாளில் இந்த ஊரில் எவ்வளவு சோறு மீந்துபோகிறது என்பது பந்தியில் சாப்பிட்டு எழுந்து போகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஐந்நூறு பேர் என்று பெண் வீட்டார் சொன்னால், பந்தியில் பற்றாக்குறை வந்து பேர் கெட்டுவிடக் கூடாதே என்று சமையல் மாஸ்டர் அறுநூறு பேருக்கு உலை வைப்பார். அன்று மழை பிடித்துக்கொண்டாலோ, அதே உறவில் இன்னொரு கல்யாணம் இருந்தாலோ வருகிறவர்கள் நானூறு பேராகக் குறைந்துவிடுவார்கள். காலை முகூர்த்தம் என்றால் பிற்பகல் மூன்று மணிவாக்கில் எங்களுக்கு அழைப்பு வரும். மாலை வரவேற்பு என்றால் இரவு பத்தரை ஆகும். "அரை மணி நேரத்துல மண்டபத்தைக் காலி பண்ணணும், வர்றீங்களா, இல்ல கொட்டிடட்டுமா?" என்று கேட்பார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, மண்டபத்தை அடுத்து எடுத்திருப்பவர்கள் வாசலில் நிற்பார்கள். மண்டபங்களை மட்டும் திட்டுகிறவர்களுக்கு இடையில் ஒரு செய்தி: 2022இல் உலகில் மக்கள் உண்ணக் கிடைத்த உணவில் 19 சதவீதம், அதாவது சுமார் 105 கோடி டன், வீணாகப் போனதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிடுகிறது, அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. நம் வீட்டு ஃப்ரிட்ஜையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

அழைப்பு வந்துவிட்டால் போய் அள்ளிக்கொண்டு வருவதுதானே என்று தோன்றலாம். எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார், முன்பு மெஸ் நடத்தியவர். அவர் அண்டாவின் மேல்பரப்பைப் பார்ப்பதே இல்லை. நீளக் கரண்டியை நடுவில் அடிவரைக்கும் இறக்கி, அங்கிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்ப்பார். பருக்கை விரலில் வழவழவென்று ஒட்டினால் அந்த அண்டாவைத் தொட மாட்டார். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அவியலும் சூடு தணிந்திருந்தால் வேண்டாம் என்றுவிடுவார்; தயிர்சாதத்துக்கும் அதே கதிதான்; புளியோதரையை மட்டும் முகம் மலர வாங்கிக்கொள்வார். வண்டியில் ஏற்றுவதற்கு முன் சோற்றை அகலமான தட்டுகளில் பரப்பச் சொல்வார். ஆழமான அண்டாவில் அழுத்திக் கிடக்கும் சோறு நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதுதான் காரணம். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி நிற்கும். அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்துவிட்டால், வாந்தியை உண்டாக்கும் நச்சு உருவாகிவிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஊசிப்போனதா இல்லையா என்று மூக்கு சொல்வதற்கு முன்பே சோறு கெட்டிருக்கக்கூடும் என்பதால், சமைத்து எவ்வளவு நேரமாயிற்று என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராத உணவை நாங்கள் எடுப்பதில்லை.

பசித்த வயிற்றுக்கு எதுவானாலும் ஆகும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். மீந்த உணவைத் திரட்டி வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி விதிமுறைகளை வெளியிட்டது. இப்படி வழங்கும் அமைப்புகள் பதிவு செய்துகொள்வதும் கணக்கு எழுதி வைப்பதும் அதன்படி கடமை. சட்டம் சொல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். மருத்துவமனை வாசலில் படுத்திருக்கும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், உள்ளே கிடக்கும் நோயாளியை யார் பார்த்துக்கொள்வது?

நாங்கள் அதிகமாகப் போவது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும்தான். உள்ளே நோயாளிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். கூட வந்தவர் பாடுதான் திண்டாட்டம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கும்போது இலவசச் சாப்பாடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சில அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளேயே அது நடக்கிறது. ஆனால் டாக்டர் எந்த நேரத்தில் கூப்பிடுவார் என்று தெரியாமல் வார்டு வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் விழுப்புரத்துத் தாய், வரிசையில் நிற்கத் துணிய மாட்டார். அவர் இருக்கும் இடத்துக்குப் பொட்டலம் போக வேண்டும்.

வரிசையில் நிற்பவரிடம் நாங்கள் எதையும் கேட்பதில்லை. ஒருநாள் உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர், முதுகில் யாருக்கோ போக வேண்டிய பிரியாணி இருக்கும் பையோடு வந்து நின்று, சாம்பார் சாதப் பொட்டலம் ஒன்றை வாங்கி, வண்டியில் சாய்ந்தபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். "சம்பாதிக்கிற பையனுக்கு எதுக்கு?" என்று அன்று புதிதாக வந்திருந்த நண்பர் முணுமுணுத்தார். இலவசமாகக் கொடுப்பது என்று முடிவெடுத்த பிறகு தகுதி பார்க்க உட்கார்ந்தால் நமக்கும் ரேஷன் அட்டை கேட்கும் ஜன்னலுக்கும் வித்தியாசமில்லை என்பது என் எண்ணம்.

இனி நாள்கணக்குக்கு வருகிறேன். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் நடந்தால் பத்தடிக்கு ஒரு தொன்னை கையில் திணிக்கப்படும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளிலும் அப்படித்தான். அன்றைக்கு எங்கள் பொட்டலத்தை வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உணவும் மிகுதி, பரிமாற வருகிறவர்களும் மிகுதி. ஆனால் ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை, மார்கழியிலும் இல்லை. மண்டபங்கள் மூடிக்கிடக்கும். பிற சமயத்தவர் வீட்டுத் திருமணங்களிலிருந்து ஏதோ கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மருத்துவமனைக்கு ஆடி என்றும் மார்கழி என்றும் கிடையாது. அந்த இரண்டு மாதங்களிலும், மற்ற மாதங்களில் முகூர்த்தமில்லாத சாதாரணப் புதன்கிழமைகளிலும் நாங்களே சமைத்தாக வேண்டும். அரிசி, பருப்பு, கோயம்பேட்டிலிருந்து காய்கறி, 19 கிலோ வணிக சிலிண்டர் என்று எல்லாவற்றுக்கும் கையில் பணம் வேண்டும். அந்தப் பணம் பிறந்தநாள் தேதி போட்டு வந்தால் பயன்படாது.

நாள் தவறாமல் சோறு போடுவதற்கு எடுத்துக்காட்டு நம்மிடமே உண்டு. வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவ்வளவு தூரம் போவானேன், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறப்பதற்கான உணவைச் சமைத்துக் கொண்டுவந்து தங்கள் கையாலேயே பரிமாறுகிறார்கள். மத நல்லிணக்கம் என்று அதை எல்லாரும் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது, ஒரு நாள்கூட விடாமல் அந்த மாதம் முழுவதும் பாத்திரங்கள் போய்வருகின்றன என்பது.

பணமே வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் குழுக்களும் உண்டு. 2014இல் டெல்லியில் தொடங்கிய ராபின் ஹுட் ஆர்மி அப்படித்தான் நடக்கிறது. பணம் புழங்காத இடத்தில் சண்டையும் சந்தேகமும் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களைப் போன்ற சிறு குழுவில் அது சரிவராது. டீசல் செலவை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் சொந்தக் கையிலிருந்து போட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவர் வீட்டில் கேள்வி வரும், அவர் வருவது நின்றுபோகும். ஆகவே மாதம் இருநூறோ முந்நூறோ, சம்பளம் வந்ததும் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பேன். மறந்துவிடுங்கள் என்றது பணத்தை, கணக்கை அல்ல. மாதக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் முகம் கோணும் குழுவுக்குக் கொடுக்காதீர்கள், அது எங்கள் குழுவானாலும் சரி. 80ஜி என்று அறியப்பட்ட, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டும் என்பவர்கள் அந்தப் பதிவு உள்ள அமைப்புதானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்; அரிசி மூட்டையாகக் கொடுத்தாலோ, ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவர் முகம் தெரியும் படத்தை எங்கள் குழுவில் யாரும் போடக் கூடாது. அண்டாவை எடுங்கள், வண்டியை எடுங்கள், தாராளமாக உங்கள் முகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகரில் 2017இல் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் பொதுக் குளிர்பெட்டி வைத்தபோது ஊரே பேசியது. உணவை உள்ளே வைக்கவும் எடுக்கவும் ஆள் வருவது ஒருபுறம் இருக்கட்டும். அதைத் துடைத்து, பழையதை அகற்றி வைக்கும் வேலையும் நாள்தோறும் யாரோ செய்தாக வேண்டியது. தொண்டு செய்ய வருகிறேன் என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த மாதிரி வேலையைத்தான். பரிமாற ஆள் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு மேல் அடிப்பிடித்த அண்டாவைச் சாம்பலும் நாரும் போட்டுத் தேய்க்க இப்போதைக்கு மூன்று பேர்தான் இருக்கிறோம்; அதில் ஒருவருக்கு முட்டிவலி.

ஆடி மாதத்துக்கான அரிசி, பருப்புக் கணக்கை வரும் வாரம் போடுகிறோம். மாதாமாதம் ஒரு சிறு தொகை தர முடிந்தவர்களும், ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களும், வார நாள்களில் பாத்திரம் கழுவ வர முடிந்தவர்களும் உள்பெட்டியில் சொல்லுங்கள். வந்தால் எங்கே நிற்பது, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்பதை நான் விவரமாக எழுதுகிறேன்.