என் மகள் பானட்டைத் திறந்தது கஞ்சத்தனம் அல்ல

பெருந்துறைக் கல்யாண மண்டபத்து வாசலில் சென்ற வாரம் நடந்ததை, சொந்தங்களான உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்களின் காதுக்கும் அது இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். "ஏனம்மிணி, உங்க ஊட்ல காசுக்கா பஞ்சம்? ஒரு போன் போட்டா மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போறான். பொட்டப்புள்ள பட்டுச்சீலையோட காருக்குள்ள தலைய உட்டுட்டு நிக்கறா" என்று அந்த மாமா நாலு பேர் நடுவில் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். நெருங்கிய சொந்தங்களுக்கு நான் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலையும் அதே மூச்சில் இழுத்து, "இவங்க ஊறுகாய்கூடக் கடையில வாங்க மாட்டாங்க" என்றார். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் நின்றது அவருடைய வயதுக்குக் கொடுத்த மரியாதை. என்னிடம் பதில் இல்லாமல் இல்லை.

அன்று எங்கள் காரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வந்ததே தவிர, இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. மகள் பானட்டைத் திறந்தாள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். அது கசிந்து முனையை அரித்தால் இந்தப் பொடி படியும், பொடி படிந்தால் மின்சாரம் சரியாகக் கடக்காது. மண்டபத்துச் சமையற்கட்டிலிருந்து ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு கரண்டி ஆப்ப சோடாவும் வாங்கிவரச் சொன்னாள். டிக்கியில் எப்போதும் கிடக்கும் அவள் அப்புச்சியின், அதாவது என் அப்பாவின், காக்கிப் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, முதலில் நெகட்டிவையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றினாள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றாமல் பாசிட்டிவில் கைவைத்து ஸ்பேனர் தகரத்தில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும். சோடாத் தண்ணீரை ஊற்றியதும் பொடி நுரைத்துக் கரைந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவைக் கடைசியாக இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினாள். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். முகூர்த்தம் முடிந்து கிளம்ப வேண்டிய பெரியவர்கள் மூன்று பேர் அந்த வண்டியில்தான் ஊருக்குப் போனார்கள்.

இதில் கஞ்சத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே அறிகுறிக்கு ஒரு பட்டறையில் பேட்டரியே போய்விட்டது என்றார்கள். நானும் நம்பிப் புதியதை வாங்கிப் போட்டேன். போய்விட்டதாகச் சொன்ன அந்தப் பேட்டரி, முனையைச் சுத்தம் செய்த பிறகு, என் தம்பியின் காரில் மேலும் இரண்டு வருடம் உழைத்தது. அன்றைக்கு நான் இழந்தது காசு மட்டும் அல்ல. என் வண்டிக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிலை என் மகளுக்கு வரக் கூடாது என்றுதான் என் அப்பாவிடம் கற்றுக்கொள்ள அவளை உட்கார வைத்தேன்.

அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். விடியற்காலையில் வண்டியை எடுக்கும் முன் காற்று, தண்ணீர், ஆயில் மூன்றையும் பார்க்காமல் அவர் ஒரு நாளும் கிளம்பியதில்லை. சமதரையில் நிறுத்தி, இன்ஜின் அணைந்து சில நிமிடம் ஆன பிறகு, ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிறதா என்று பேத்திக்குக் காட்டினார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது என்றும், டயருக்குக் காற்றை வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நாம் பிடிக்க வேண்டிய அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. கார் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே அந்த டயரை ஓட்டக் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இது கொங்கு நாடு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பேருந்து விட்ட ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகக் கழற்றி மறுபடி மாட்டித்தான் தொழிலைக் கற்றார். அவரைக் கோவையே கொண்டாடுகிறது. அதே வேலையை என் மகள் ஒரு ஸ்பேனர் அளவுக்குச் செய்தால் மட்டும் குடும்பத்து மானம் போய்விடுகிறது.

ஊறுகாய்க்கு வருகிறேன். அந்தப் பாட்டிலில் இருந்தது எங்கள் தோட்டத்துப் பழம். ஒரு கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு. பழத்தைக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்தி, எட்டாக நறுக்கி, ஒரு அடுக்குப் பழம் ஒரு அடுக்கு உப்பு என்று பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, தினமும் குலுக்கி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் உப்பு பழத்தின் சாற்றை வெளியே இழுத்துவிடும். துண்டுகள் அந்தச் சாற்றுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும், மேலே தலைநீட்டும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். தோல் மெத்தென்று ஆக மூன்று வாரம் பிடித்தது. அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்தால் புளிப்பு பாத்திரத்தை அரித்துவிடும். இவ்வளவு கவனத்தையும் ஒரு பாட்டிலில் அடைத்து என் கையால் கொடுத்ததைத்தான் அவர் கடைக்குக் கொடுக்க வேண்டிய காசை மிச்சம் பிடித்த கணக்கில் எழுதினார்.

நானும் தெரியாமல் கெடுத்திருக்கிறேன். அத்தைக்குச் சர்க்கரை நோய் என்பதால் ஒரு முறை மாம்பழ ஜாமில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வழக்கம்போல் அலமாரியிலேயே வைத்தேன். பத்து நாளில் மேலே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்தது. நான்கு கிலோ சேலத்து மாம்பழத்தைக் குப்பைக் குழியில் கொட்டும்போதுதான், ஜாமில் சர்க்கரை ருசிக்கு மட்டும் அல்ல என்பது எனக்கு உறைத்தது. பழத்தில் உள்ள தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கிருமிக்கு அது கிடைப்பதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் தண்ணீரே விடாமல் வாழைப்பழத்தோடு வெல்லமும் தேனும் பேரீச்சையும் கற்கண்டும் சேர்ப்பதும் இதே கணக்குத்தான். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டவர்களில் அந்த மாமாவும் ஒருவர்.

"இப்போதைய கார்களில் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், தெரியாமல் கைவைத்தால் பெரிய செலவு வரும்" என்று சிலர் சொல்வீர்கள். அது நியாயம். பிரேக்கையும் ஏர்பேக்கையும் நான் தொட மாட்டேன், மகளையும் தொட விட மாட்டேன்; அதற்குப் படித்த கை வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரித்து அறிவதற்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நேரம் இல்லை என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. மெக்கானிக்குகளின் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னதுதான் வலித்தது. லாரி டிரைவரின் மகளிடம், கிரீஸ் படிந்த கைகளால் வளர்ந்தவளிடம், இதைச் சொல்லலாமா? வேலை தெரிந்தவருடைய கூலியில் நான் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசியதில்லை. வேலையின் அருமை தெரிந்த வாடிக்கையாளரைத்தான் நல்ல மெக்கானிக்கும் விரும்புவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் இடத்தில் என் அண்ணன் மகன் நின்றிருந்தால், "பரவாயில்லையே, பையன் கெட்டிக்காரன்" என்று அதே வாய் சொல்லியிருக்கும். பொட்டப்புள்ள என்ற சொல்லுக்குப் பிறகு அந்தப் பேச்சில் காசும் இல்லை, காரும் இல்லை. ஊறுகாய் போட்டால் கஞ்சம், பானட்டைத் திறந்தால் அடக்கம் இல்லை. பெண் எந்தக் கைவேலையைச் செய்தால் இவர்களுக்குப் பொறுக்கும்? அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் மங்கிவிட்டது. அப்போது அவருடைய பழைய வண்டிக்கு ஆயிலும் காற்றும் பார்த்துச் சொன்னவள் இந்தப் பேத்திதான். அவள் சொல்லும் அளவைக் கேட்டுவிட்டு, "செரி சாமி, இனி எடு" என்பார். அந்தப் பிள்ளையை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மாமா தமக்குக் கொடுத்த பாட்டிலைப் பந்தி மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகு மகள்தான் அதைப் பார்த்து எடுத்து வந்தாள். இரவு வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, நகக்கண்ணில் ஒட்டியிருந்த வாசலினைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.